பத்தாவது பறவை

இந்தப் பொங்கலுக்குக் கோவில்பட்டிப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று உத்தமன் முடிவு கட்டிவிட்டான். ரயில்வே உத்தியோகம். பாஸ் இருக்கிறது, லீவு இருக்கிறது. ஆனால் கோவில்பட்டியில் மாமனாரும் இருக்கிறார்.

மாமனார் ரிட்டையரான டிரில் வாத்தியார். பள்ளிக்கூடம் போய்விட்டது, விசில் மட்டும் கழுத்திலேயே தங்கிவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்கு அது ஊதும். "மாப்ளே! தொப்பை!" என்று ஒரு குரல் வரும். தெருவே வேடிக்கை பார்க்க, உத்தமன் குனிந்து கால் கட்டைவிரலைத் தொட வேண்டும். போன வருஷம் தொட்டான். நிமிர்த்துவதற்கு மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

ஆகவே கார்டன் ரீச் குவார்ட்டர்ஸில், டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை காலையில், டீயும் கையுமாக அறிக்கை விட்டான்.

"கல்பனா, இந்தப் பொங்கல் நம்ம வீட்லதான்."

மூன்று வயசு மகள் மிருதுவுக்கு மங்கி கேப் மாட்டிக்கொண்டிருந்த கல்பனா நிமிரவில்லை.

"ஊரைச் சுத்திக் காட்டறேன்னு ஆறு வருஷமா சொல்றீங்க. லேக் மார்க்கெட்டுல தோசைக்கடை தவிர எதைக் காட்டினீங்க? இன்னிக்கு ஒரு நாள் நீங்கதான் கைடு. ஹௌரா பாலம் காட்டணும். சாந்த்ராகாச்சி ஏரியில பத்து வகைப் பறவை காட்டணும். காட்டிட்டா பொங்கல் இங்கேயே. நான் வாயே திறக்க மாட்டேன்."

"காட்டலைன்னா?"

"கோவில்பட்டி. பத்து நாள்."

உத்தமனின் வயிறு தானாக உள்ளே போனது.

"சரி! ஆனா பறவை பார்க்கறதுக்குச் சட்டம் இருக்கு. ஒருத்தர் பார்த்தா வதந்தி. ரெண்டு பேரும் பார்த்தாத்தான் கணக்கு." எங்கோ செல்போனில் படித்ததைப் பெருமையாக எடுத்துவிட்டான்.

"நீங்க சொன்னா சரிங்க," என்று புளியோதரையைத் தூக்குவாளியில் அடைத்தாள் கல்பனா.

ஹௌரா பாலத்தில் கைடு தொண்டையைக் கனைத்தார். "இவ்வளவு பெரிய பாலத்துல ஒரு நட்டு, போல்ட்டு கிடையாது தெரியுமா?"

"கொடுத்து வெச்ச பாலம். உங்களுக்கு இருக்கற ரெண்டும் லூஸு."

லோக்கல் ரயில் பிடித்து சாந்த்ராகாச்சிக்குப் போனால், ஏரி முழுக்க வாத்து வாத்தாக மிதக்கிறது.

"ஆயிரம் இருக்கும் பாரு! சீழ்க்கைச் சிறகி!"

"எல்லாம் ஒரே வகைதானே? ஒண்ணு."

பேருக்கு ஏற்ற மாதிரி அவை சீழ்க்கையடித்துக்கொண்டே பறந்தன. ஒவ்வொரு சீழ்க்கைக்கும் உத்தமன் தன்னை அறியாமல் வயிற்றை எக்கினான்.

"கல்பனா! மீன்கொத்தி! அதோ, கம்பி மேல!"

"எங்கே? மிருதுவுக்கு மூக்குத் துடைச்சிட்டிருந்தேனே."

மீன்கொத்தி பறந்துவிட்டது. வதந்தியாகிவிட்டது. அரைமணி நேரம் மூச்சைப் பிடித்து உட்கார்ந்து, அதே மீன்கொத்தியை மறுபடி வரவழைத்துக் கணக்கில் ஏற்றினான்.

"மடையான்," என்றாள் கல்பனா திடீரென்று.

"யாரைச் சொல்றே?"

"அந்தச் சின்னக் கொக்கைங்க. எங்க ஊர் வயல்ல நிறைய நிக்கும்."

மணி நாலு. நீர்க்காகம், தாழைக்கோழி, மைனா என்று ஒன்பது சேர்ந்திருந்தது. குளிர்கால வெயில் இறங்க ஆரம்பித்தது. உத்தமன் சகதியில் முழங்காலிட்டுத் தவழ்ந்து பார்த்தான். பத்தாவது பறவை வரவில்லை. பேண்ட்தான் பாழ்.

"காக்காவைச் சேர்த்துக்கலாமா?" என்றான் பரிதாபமாக.

"அதை மூணாவதாவே சேர்த்துட்டீங்க."

காதுக்குள் ஒரு விசில் கேட்டது. கோவில்பட்டித் தெரு கண்முன் வந்தது. உத்தமன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏங்க, தூங்காதீங்க! அந்த ஆகாயத்தாமரை மேல பாருங்க. நீளக் காலை வெச்சு இலை மேலேயே நடக்குது. நான் பார்த்தாச்சு, நீங்களும் பாருங்க சீக்கிரம்!"

பார்த்தான். இலைக்கோழி! பத்து!

சகதியோடு ஒரு ஆட்டம் போட்டான். மிருது கைதட்டினாள். தூக்குவாளியில் மிச்சமிருந்த புளியோதரை தேவாமிர்தமாக இருந்தது. திரும்பும் ரயிலில் மட்டும் ஒரு சின்ன உறுத்தல். தோற்கப்போகிறவள் எதற்காகக் கை காட்டினாள்? பாவம், நல்ல மனசு.

"உனக்கு வருத்தமில்லையே, கல்பனா?"

"எதுக்குங்க? நீங்க ஜெயிக்கணும்னுதான் காலையிலேருந்து வேண்டிக்கிட்டிருந்தேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் வீடியோ கால் போட்டாள்.

"அப்பா! நான் சொல்லலை? அவரே சொல்லிட்டாரு, பொங்கல் எங்க வீட்லதான். நீங்களும் அம்மாவும் போட்டு வெச்ச டிக்கெட்ல கிளம்பி வந்துடுங்க. பத்து நாள் இருக்கலாம். ஊர் சுத்திக் காட்ட கைடு ரெடி. இதோ நிக்கறாரு, பாருங்க."

போனை அவன் பக்கம் திருப்பினாள். திரையிலிருந்து நீளமாக ஒரு விசில் வந்தது.

"மாப்ளே! தொப்பை!"

உத்தமன் குனிந்து கட்டைவிரலைத் தேட ஆரம்பித்தான்.