தோளில் நாலு மாதம்

ஜவ்வாது மலை மக்களின் தசைநலனை மேம்படுத்தும் பொருட்டு, மலைமேல் இருந்த ஒரு சுகாதார நிலையத்துக்கு ஸ்கேன் மெஷின் ஒன்று வந்து சேர்ந்தது. தசைக்குள் இறுகிக் கிடக்கும் வலிமுடிச்சை அது திரையில் காட்டும். பார்த்தபடியே மெல்லிய ஊசியை இறக்கினால் முடிச்சு ஒருமுறை துள்ளித் தளர்ந்துவிடும். அதற்கென்றே பயிற்சி பெற்ற டாக்டர் பார்த்திபனும் வந்தார்.

புளி மூட்டை தூக்கித் தூக்கி, பாஞ்சாலைக்கு வலது கை தலைக்கு மேலே எழாமல் போயிருந்தது. கொண்டையைக்கூட மருமகள்தான் போட்டுவிட்டாள். நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஷேர் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினாள்.

மெஷினுக்குச் சீல் வைத்திருந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லக்கூடாது என்பது சட்டம், நல்ல சட்டம். ஆய்வு அதிகாரி ராஜவேலு அதைத் தோள்பட்டைக்கும் பொருத்தினார். கர்ப்பிணிக்கான படிவத்தை நிரப்பினால்தான் அனுமதி.

“எனக்கு அம்பத்தேழு வயசுங்க. தோள்ல இன்னா சார் பொறக்கப் போவுது?” என்றாள் பாஞ்சாலை.

“அதைத்தாம்மா சொல்லக்கூடாதுன்னு சட்டம்.”

எத்தனை மாதம் என்று கேட்டார். வலி வந்து நாலு மாதம் என்றாள். நாலு என்று எழுதிக்கொண்டார். அந்த வயதில் நாலு மாதம் என்பதால் கோப்பு சிறப்புக் குழுவின் பரிசீலனைக்குப் போனது. பாஞ்சாலை வீட்டுக்குக் கர்ப்பிணிகளுக்கான சத்து மாத்திரை வந்தது. மருமகள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாவது தடவை வந்தவள் வலி தாங்காமல் அழுதுவிட்டாள். பார்த்திபன் கட்டைவிரலாலேயே தோளை அழுத்தித் தேடினார். ஓரிடத்தில் உயிர்போவதுபோல் அலறினாள். அங்கேயே ஊசியை இறக்கினார். வாரத்துக்குள் அவளே கொண்டை போட்டுக்கொண்டாள்.

உடனே மெமோ வந்தது. மெஷின் இருக்கையில், விரல் என்னும் பதிவு செய்யப்படாத கருவியைப் பயன்படுத்தியது ஏன் என விளக்கம் கோரப்பட்டது. விசாரணைக்காகச் சீலை உடைத்துப் பாஞ்சாலையை ஸ்கேன் செய்தார்கள். முடிச்சு இல்லை. இல்லாத முடிச்சுக்கு ஊசி போட்டிருக்கிறார் என்று பதிவானது.

வலி இருந்ததா என்று ராஜவேலு அவளைக் கேட்டார். இருந்தது என்றால் படம் தவறு. தவறான படத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப விதியில்லை என்றும் விளக்கினார்.

பாஞ்சாலை டாக்டரைப் பார்த்தாள். அப்புறம் படத்தைப் பார்த்தாள். கலசப்பாக்கத்துச் சம்பந்தியம்மா தன் முழங்கால் எக்ஸ்ரேயைச் சுவரில் மாட்டிவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வது நினைவுக்கு வந்தது.

“படத்துல இல்லன்னா இல்லதாங்க,” என்றாள்.

பார்த்திபனை மாற்றிவிட்டார்கள். படம் லேமினேஷனாகிப் பாஞ்சாலை வீட்டுச் சுவரேறியது. அடுத்த வாரம் நெல்லிவாசல்நாட்டிலிருந்து இரண்டு ஜீப் நிறைய ஆட்கள் ஸ்கேனுக்கு வந்தார்கள். ஒருவருக்கும் வலி இல்லை, படம்தான் வேண்டும். ஒருவர் தோளிலும் முடிச்சில்லை எனக் கண்ட அரசு, அந்த மலையை வலியற்ற பகுதியாக அறிவித்தது.

வலி இருந்தவர்கள் யாரும் வரவில்லை. தொட்டுப் பார்க்கிறவர்தான் அங்கே இல்லையே.