ஆகஸ்ட்டைத் துப்பிய மோச்சி

மணிலா,
ஜனவரி 3

மதிப்புக்குரிய நெனிதா சித்திக்கு,

உங்கள் அக்காள் மகள் ரியாலின் எழுதுவது. நீங்களும் சித்தப்பாவும் கோழிகளும் நலம் என்று நம்புகிறேன். நான் நலம். மேடத்தின் நாய் மோச்சி நலமா என்பதைக் கீழே எழுதுகிறேன். போனில் பேசினால் எனக்குப் பேச்சுக்கு முன்னால் அழுகை வந்துவிடும், அதனால்தான் கடிதம். "உங்க பொண்ணு என் நாய்க்கு விஷம் வச்சிட்டா" என்று மேடம் உங்களைக் கூப்பிட்டுச் சொன்னாராம். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நீங்கள். நடந்ததை நீங்களாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் வந்த அன்றைக்கே மேடம் என்னை ஃபிரிட்ஜ் முன்னால் நிறுத்தி, அதில் ஒட்டியிருந்த பட்டியலைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். நாய்க்குக் கொடுக்கக் கூடாதவை: சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை, காப்பி, வெந்த எலும்பு, சர்க்கரை இல்லாத சூயிங்கம். ஏழாம் வகுப்போடு நின்றவள் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்ததும் கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டார். வீட்டில் வேறு யாரும் கையெழுத்துப் போடவில்லை. மோச்சிக்கு உப்பில்லாமல் அவித்த கோழி நெஞ்சுக்கறி, எனக்குக் கழுத்தும் காலும். மீந்துபோன அதோபோ கறி மட்டும் முழுதாக எனக்கே வரும், அதில் பூண்டு இருப்பதால் மோச்சிக்கு ஆகாது. அந்த வகையில் பூண்டுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

வருஷம் பிறக்கும்போது மாசத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு திராட்சை தின்பது நம் வீட்டிலும் உண்டுதானே. (திராட்சை வாங்க முடியாத வருஷம் நாம் கலமன்சி எலுமிச்சை தின்போம். அதிர்ஷ்டம் முகத்தைச் சுளித்துக்கொண்டே வரும்.) இங்கே மேடம் காசு சேருமென்று புள்ளி போட்ட கவுன் உடுத்தி, மோச்சிக்கும் புள்ளிக் கவுன் மாட்டி, மடியில் வைத்து, "ஜனவரி... பிப்ரவரி..." என்று ஒவ்வொன்றாக ஊட்டினார். "என் தங்கத்துக்கும் பன்னெண்டு மாசமும் நல்லா இருக்கணும்ல!" சார் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நான், "மேடம்... பட்டியல்ல... நாலாவது..." என்றேன். வெளியே அத்தனை பட்டாசுச் சத்தம். இருந்தும் அவர் காதில் விழுந்துவிட்டது.

"நல்ல நேரத்துல அபசகுனமா வாயைத் தொறக்காதடி. அது உனக்குப் போட்ட பட்டியல்."

ஆகஸ்ட்டை மோச்சி துப்பிவிட்டது. "ஆகஸ்ட் இல்லாம எப்படிடா செல்லம்?" என்று துடைத்து மறுபடி ஊட்டினார்.

விடிந்ததும் மோச்சி நாலு தடவை வாந்தி எடுத்தது, எழுந்து நிற்க முடியவில்லை. நாய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "வீட்டுச் சாப்பாடு ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நாங்க எதுவும் குடுக்க மாட்டோம் டாக்டர். இவதான் அடுப்படியிலயே கெடக்கா, என்னத்தப் போட்டாளோ" என்றார் மேடம். சார் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படம் அந்தப் போனில்தான் இருந்தது.

"எதுன்னு தெரிஞ்சாதாங்க வைத்தியம் பண்ண முடியும். திராட்சையா இருந்தா கிட்னி போயிடும். இப்பவே மருந்து ஏத்தணும், சொல்லுங்க."

மேடம் கூரையைப் பார்த்தார். மோச்சி மேசையில் படுத்தபடி என்னைப் பார்த்தது. எனக்கு எப்படி அவ்வளவு சத்தமாக வந்ததோ தெரியவில்லை சித்தி.

"நான்தான் குடுத்தேன். திராட்சை."

"எத்தனை?"

"பன்னெண்டு. ஆகஸ்ட்டத் துப்பிடுச்சு. தொடைச்சு மறுபடி குடுத்தேன்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "ஆகஸ்ட்டா?" என்றார். மோச்சியின் கவுனைப் பார்த்தார், மேடத்தின் கவுனைப் பார்த்தார். இரண்டும் ஒரே புள்ளி. எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மோச்சி இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. பிழைத்துவிடும் என்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் மேடம், "பெட்டியைக் கட்டு. உன்னை நம்பி எப்படி நாயை விடறது?" என்றார். கண்ணடிப்பாரோ, கொஞ்சம் தலையாவது குனிவாரோ என்று பார்த்தேன். இல்லை. அதற்குள் அவருக்கே அது உண்மையாகிவிட்டிருந்தது.

சனிக்கிழமைக் கப்பலில் வருகிறேன். சித்தப்பாவைத் துறைமுகத்துக்கு வரச் சொல்லுங்கள். ஊரில் மீன் கழுவினாலும் கழுவுவேன், இந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன். நான் பொய் சொன்னதை அம்மாவிடம் சொல்லாதீர்கள். விஷம் வைத்தேன் என்றால்கூட அவள் நம்ப மாட்டாள். பொய் சொன்னேன் என்றால் தாங்க மாட்டாள்.

ஆசிக்காக உங்கள் இருவர் கையையும் எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொள்கிறேன்.

பணிவுடன்,
ரியாலின்

பி.கு. (ஜனவரி 4): சித்தப்பா துறைமுகத்துக்கு வர வேண்டாம். மோச்சி நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தது. மேடம் எதை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, என் கையில் மட்டும்தான் சாப்பிடுகிறது. "சரி, போனாப் போகுது, இரு" என்றார். பட்டியலுக்குக் கீழே, 'ரியாலின் மோச்சிக்குத் திராட்சை கொடுக்கக் கூடாது' என்று அவர் கையாலேயே புதிதாக எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாருக்குப் பிறந்தநாள், சாக்லேட் கேக் சொல்லியிருக்கிறார்கள். பட்டியலைப் படித்தவள் ஒருத்தியாவது இந்த வீட்டில் இருக்க வேண்டும், சித்தி.