ராஜபாதம் பார்க்கப்படும்

வளைகுடா நகரம் ஒன்றில், சத்வா என்ற பகுதியில் ஒரு தையல் கடை. அதன் மாடியில் ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாடிப்படி முழுக்க ஆட்கள். ஆளுக்கு ஒரு கையில் ஒற்றைக் காலணி. சைட்டிலிருந்து வந்தவர் கையில் சிமெண்ட் படிந்த சேஃப்டி ஷூ. ஆபீஸ் அம்மா கையில் ஹீல்ஸ். ஒரு தகப்பன் கையில், நடந்தால் விளக்கு எரியும் குழந்தை ஷூ. வெயிலில் படி கொதிக்கிறது. அத்தனை பேரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். செருப்பு எதற்குக் கண்டுபிடிக்கப்பட்டது என்று அந்த வரிசையில் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மேலே இருப்பவர் பாதஞானி சேதுபதி சுவாமிகள். முன்பு ஒரு மாலில் ஷூ விற்றவர். தொழிலை விடவில்லை, முதலாளியை மட்டும் விட்டார். காலணிக்கு மேலே ஒரு செப்புக் குண்டை நூலில் தொங்கவிடுவார். குண்டு வட்டமாகச் சுற்றினால் ராஜபாதம். நேர்கோட்டில் ஆடினால் சனிபாதம். சனிபாதத்துக்குப் பரிகாரம் உண்டு. குதிகாலுக்கு அடியில் வைக்கும் செப்புத் தகடு. அவரிடம் மட்டுமே கிடைக்கும்.

இந்த நாட்டில் மாந்திரீகம் சட்டப்படி குற்றம். அதனால் கதவில் 'பாத நல ஆலோசனை' என்று எழுதியிருந்தார். ஆண்டவனுக்குப் பயப்படாதவர் போலீஸுக்குப் பயந்தார்.

நான் சத்வா ஃபால்கன்ஸ் கூடைப்பந்து அணிக்கு வீடியோ எடுப்பவன். எங்கள் அரங்கத்தில் தரை துடைக்கும் பாலகுரு, கமுதிக்காரன், சுவாமிகளின் தீவிர பக்தன்.

“அண்ணே, என் லீவு ஏன் தள்ளிப் போச்சு? இடது கால் சனிபாதம். சாமி புட்டுப் புட்டு வச்சுட்டாரு.”

“லீவைத் தள்ளினது உன் சூப்பர்வைசர் இல்லையா?”

“அவன் புத்தியக் கெடுத்தது என் ஷூண்ணே.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “அண்ணி செருப்பு இருக்குல்ல? கொண்டு போங்க. போன எடத்துல எப்புடி இருக்காங்கன்னு சொல்லுவாரு.”

இருக்கிறது. வாசலில்தான். நான் கொண்டுபோகவில்லை. செத்தவர்களைப் பற்றி எதையும் சொல்லலாம். மறுத்துப் பேச அவர்கள் வரமாட்டார்கள். சுவாமிகளின் தைரியம் அதுதான்.

எங்கள் அணி அப்போது தோற்றுக்கொண்டிருந்தது. தெரிந்தேதான். வயதான ஆட்டக்காரர்களை அனுப்பிவிட்டுச் சின்னப் பையன்களை வைத்து அணியைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தோம். கடைசி இடம் பிடிக்கும் அணிக்கு, லீக்கில் சேர வரும் புதியவர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். இன்றைய தோல்விக்கு நாளைய கூலி அது.

இதை ரசிகர்களிடம் யாரும் விளக்கவில்லை. சுவாமிகள் விளக்கினார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் குண்டை ஆட்டி, “இன்று தோல்வி” என்றார். ஒவ்வொரு முறையும் பலித்தது. ஊரே வாய் பிளந்தது. கடைசி இடத்தில் இருக்கும் அணி தோற்கும் என்று சொல்ல ஞானக்கண் தேவையில்லை. வெறும் கண்ணால் புள்ளிப் பட்டியலைப் பார்த்தாலே போதும்.

வாய் பிளந்தவர்களில் எங்கள் முதலாளி கல்யாணசுந்தரமும் ஒருவர். டிராஃப்டுக்கு முந்தின நாள் காலை சுவாமிகளை அரங்கத்துக்கே அழைத்துவிட்டார்.

போட்டியில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் முஆத். தோஹாவில், நஜ்மாவில் வளர்ந்தவன். அங்கே கடை வைத்திருந்த வாப்பா கடையை மூடிவிட்டுக் கீழக்கரைக்குப் போய்விட்டார். முஆத் இங்கே விசிட் விசாவில் இருந்தான். அணி எடுத்தால் அணியே விசா கொடுக்கும். இல்லையென்றால் அவனும் கீழக்கரைக்குத்தான். அங்கே கடல் உண்டு. அவன் ஆடும் தரத்துக்கு லீக் கிடையாது.

இன்னொருவர் பாண்டித்துரை. முதலாளியின் மைத்துனர் மகன். நல்ல உயரம். பந்து அவரிடம் போனால் பந்துக்குத்தான் பயம்.

முதலாளியின் அறையில் சுவாமிப் படம் இருப்பதால் எல்லோரும் வெளியே காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். இரண்டு பேரின் ஷூவையும் மேசைமேல் வைத்தார்கள். பாண்டித்துரையின் ஷூவுக்கு மேலே குண்டு ஜம்மென்று சுற்றியது. முஆதின் ஷூவுக்கு மேலே கோடு போட்டது. முதலாளி வீட்டம்மா விரும்பியதையே கிரகங்களும் விரும்பின. கிரகங்களுக்கு இங்கிதம் அதிகம்.

“இந்தக் கால் உள்ளே வந்தால் அணி எழுந்திருக்காது” என்றார் சுவாமிகள்.

முஆத் மேசையிலிருந்த தன் ஷூவைக் காட்டினான். “அங்கிள், இது நியூ ஷூ. லாஸ்ட் வீக்தான் வாங்கினேன். அதுக்கு என்னைப் பத்தி என்ன தெரியும்?”

“தெய்வ காரியத்துல சின்னப் பிள்ளைங்க பேசக் கூடாது தம்பி” என்றார் சுவாமிகள்.

எங்கள் உதவிப் பயிற்சியாளர் அருணா, கோயம்புத்தூர்க்காரர், அதுவரை சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

“சார், ஒரு சின்ன சோதனைங்க. ஷூவை எல்லாம் அட்டைப் பெட்டியில போட்டு மூடிக் கொண்டு வர்றேன். சாமி மறுபடி பார்க்கட்டும். அதே பதில் வந்துச்சுன்னா நானே பாண்டித்துரைக்குக் கை தட்டறேன்.”

சுவாமிகள் தயங்கினார். “மூடினால் அதிர்வு வராதம்மா.”

“ஃபஹாஹீல்ல இருக்கறவங்களுக்கு போன்லயே பார்க்கறீங்களாமே. குவைத்துல இருந்து வர்ற அதிர்வு ஒரு அட்டையத் தாண்டாதுங்களா?”

வாசலில் துடைப்பத்தோடு நின்ற பாலகுரு பொங்கிவிட்டான். “ஏன் தாண்டாது? சாமி, தாண்டிக் காட்டுங்க! இவங்க வாயை அடைங்க!”

எதிரியிடமிருந்து தப்பிக்க சுவாமிகளுக்குத் தெரியும். பக்தனிடமிருந்து தப்பிக்கத் தெரியவில்லை.

அருணா மேசைமேல் இருந்த ஷூக்களை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஐந்து பெட்டிகளோடு வந்தார். நான் கேமராவை ஓடவிட்டேன். முதல் பெட்டிக்கு மேலே குண்டு வட்டம் போட்டது. “ராஜபாதம்! இவரை விட்டுடாதீங்க.” அடுத்தது கோடு. மூன்றாவதும் கோடு. நான்காவது வட்டம். ஐந்தாவது பெட்டிக்கு மேலே குண்டு கொஞ்ச நேரம் குழம்பி, பிறகு வேகமாகக் கோடு போட்டது. சுவாமிகள் கண்ணை மூடிக்கொண்டார்.

“இதுதான் எல்லாத்தையும் கெடுக்கிற கால். கூட இருந்தே குழி பறிக்கிறவன். ஏமாத்தியே வயிறு வளர்க்கிறவன். இவனை வாசலோட நிறுத்துங்க.”

அருணா பெட்டிகளைத் திறந்தார். முதல் இரண்டும் முஆதுடையவை. இடது கால் ராஜா, வலது கால் சனி. அடுத்த இரண்டும் பாண்டித்துரையுடையவை. அவருக்கு இடது கால் சனி, வலது கால் ராஜா. ஐந்தாவதில் ஒரு தோல் செருப்பு. கட்டைவிரலுக்கு வளையம் வைத்தது.

பாலகுருதான் முதலில் வாயைத் திறந்தான். “சாமி... இது உங்க செருப்புல்ல?”

அறைக்கு வெளியே கழற்றிவிட்டு வந்த சுவாமிகளின் சொந்தச் செருப்பு. வாழ்நாளில் அவர் சரியாகச் சொன்ன ஆரூடம் அது ஒன்றுதான்.

“பெட்டிங்க பக்கத்துல பக்கத்துல இருந்து அதிர்வு கலந்துடுச்சு...”

“அதிர்வு இல்லைங்க சாமி, விரல். யார் ஷூன்னு தெரிஞ்சா நீங்க நினைச்சபடி ஆடுது, தெரியலைன்னா முழிக்குது.” அருணா குண்டை வாங்கி பாலகுருவிடம் நீட்டினார். “இந்தா, பிடி. கையை ஆட்டாதே. இது வட்டமாச் சுத்தினா உனக்கு லீவு. சுத்தற மாதிரி மனசுல நினைச்சுக்கோ.”

பாலகுரு பிடித்தான். குண்டு மெல்ல ஆடியது. பிறகு வட்டம் போட்டது.

“ஐயையோ, நான் ஆட்டலக்கா!”

“நீதான் ஆட்டற. உனக்கே தெரியாம. நினைப்பு விரலுக்கு வந்துரும். உனக்கும் அவருக்கும் ஒரே வித்தியாசம், நீ இதுக்குக் காசு வாங்கலை.”

முதலாளி செருப்பைப் பார்த்தார். மைத்துனர் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை நெற்றியில் ஓடியது. பிறகு செருப்பை எடுத்து சுவாமிகள் கையில் கொடுத்தார்.

“யல்லா, கலாஸ். முடிஞ்சது, கிளம்புங்க. நீங்க சொன்னதைத்தான் செய்றேன். இவனை வாசலோட நிறுத்துறேன்.”

மறுநாள் டிராஃப்டில் எங்கள் அணி முதல் பெயராக முஆதைச் சொன்னது. அவன் வாப்பாவுக்குப் போன் போட்டு அழுதான். மாடி அறையில் அடுத்த வாரம் பூட்டுத் தொங்கியது. பூட்டுக்கு முன்னாலும் சிலர் செருப்போடு நின்றதாக பாலகுரு சொன்னான்.

புது சீசனின் முதல் ஆட்டம். தோற்றோம். கடைசி நிமிடத்தில் முஆத் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. எனக்குப் பின்னால் ஒருவர், “ராசியில்லாத பையன்” என்றார். அடுத்த மாதம் வரிசையாக இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். அதே ஆள், அதே இருக்கை. “பையன் ராசிக்காரன்யா” என்றார்.

முஆத் தினமும் காலையில் யாரும் இல்லாத அரங்கத்துக்கு வந்து, தவறிய அதே இடத்திலிருந்து எறிந்து எறிந்து பழகுகிறான். வியர்வையில் தரை நனைகிறது. பாலகுரு துடைக்கிறான். நான் படம் பிடிக்கிறேன். தோற்றால் பழி அவனுக்கு, ஜெயித்தால் பாராட்டு ராசிக்கு என்று தீர்ப்பு எழுதும் பெருமக்களே, உங்கள் கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறது. அது தொப்பி மாட்டுவதற்கு மட்டும் வைத்த ஆணி அல்ல.