பெருங்காயத்தோடு எல்லை கடந்த கீரி

ஒரு காட்டில் பிறந்து, பிழைப்புக்காக இன்னொரு காட்டில் போய் நடுங்கிக்கொண்டிருந்தது ஒரு கீரி. பெயர் இருளப்பன். போன இடம் பனிக்காடு. மனைவி செவ்வந்திக்கு மூன்று மாதம், கடுமையான மசக்கை. அங்கே கிடைத்த எதைத் தின்றாலும் வாந்தி.

"ஒரே ஒரு வடுமாங்காய் கிடைச்சா ரெண்டு வாய் சோறு இறங்கும்" என்று படுத்தபடியே அழுதது. "இன்னும் ஒரு வாரம் இப்படிப் பட்டினி கிடந்தால் உடம்பு தாங்காது" என்று கைவிரித்துவிட்டது வைத்தியர் பென்குயின்.

இருளப்பன் லீவு போட்டு ஊருக்கு ஓடியது. மாமியார் ஒரு டப்பா பெருங்காயம், ஒரு ஜாடி வடு, உப்பு போட்டுக் காயவைத்த கறித்துண்டு எல்லாவற்றையும் பெட்டியில் திணித்து அனுப்பியது.

பனிக்காட்டு விமான நிலையத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'உணவுப் பொருள் உண்டா? பட்டியல் தருக. தாய்மொழியிலேயே எழுதலாம்.' வந்தவர்களை மதிக்கிற காடு அல்லவா? பிடுங்குவதைக்கூடத் தாய்மொழியில் கேட்டுத்தான் பிடுங்கும்.

வரிசையில் கூட நின்ற நரி கோமதிநாயகம் காதைக் கடித்தது. "இல்லைன்னு டிக் பண்ணுங்கண்ணே. என் பெட்டி பூராக் கருவாடு. நான் எழுதினேனா?"

"பொய் சொல்லி மாட்டினா அவளுக்கு அங்க யாரு இருக்கா?" என்ற கீரி, உள்ளதை உள்ளபடி எழுதியது: பெருங்காயம், வடு, உப்புக்கண்டம்.

கவுண்டரில் இருந்த பனிக்கரடி பட்டியலை மொழிபெயர்ப்புக் கருவியில் காட்டியது. கருவி அதன் மொழியில் கணீரென்று வாசித்தது: "பெரிய காயம். தழும்பு. உப்பு. உயிருக்குக் கண்டம்."

ஏற்கெனவே வெள்ளையான கரடி இன்னும் வெளுத்தது. "ஐயா, இந்த நிலைமையிலா இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றீர்கள்? காயத்தில் உப்பை வேறு யார் தடவியது?"

"சார், அது குழம்புல போடுறது சார்!"

"பாவம், வலியில் உளறுகிறார்."

நேர்மையான கீரி பெட்டியையே திறந்து காட்டியது. பெருங்காயம் குப்பென்று கிளம்பியது. மோப்பநாய் மூக்கைப் பொத்திக்கொண்டு அலறியது: "ஐயோ, புண் அழுகியே போச்சு!"

அடுத்த நிமிடம் கீரி சக்கர நாற்காலியில், பெட்டி அதன் மடியில். சோதனை ஏதுமில்லாமல் வாசல்வரை வழிவிட்டார்கள்.

பக்கத்துக் கவுண்டரில் கருவாட்டோடு பிடிபட்டிருந்த நரி கத்தியது: "அந்தாளு ஜாடி நிறைய மாங்காய் கொண்டுபோறான்!"

"சாகக் கிடக்கிறவர்மேல் பழி போடுகிறாயே, நீயெல்லாம் ஒரு விலங்கா?" என்று கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நரிக்கு மூன்று வருடம் உள்ளே வரத் தடை எழுதியது.

மருத்துவமனையில் எவ்வளவு தேடியும் காயம் கிடைக்கவில்லை. 'உள்காயம்' என்று முடிவுசெய்து, வயிற்றைச் சுற்றி ஒரு கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கட்டோடு வந்த புருஷனை என்ன ஏது என்று செவ்வந்தி கேட்கவில்லை. முதலில் ஜாடியைத் திறந்தது. நாலு வாய் சோறு இறங்கியது. வாந்தி வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருளப்பன் அப்போதுதான் வயிற்றுக் கட்டை அவிழ்க்கத் தொடங்கியது.

நீதி: எப்போதும் உண்மையே சொல்லுங்கள், அது அதிகாரிக்குப் புரிந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.