ஐஸ் அண்ணை அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட கதை

கடல் இறங்கிக் கிடந்த காலத்தை நேரில் பார்த்தவர்போலக் கதைக்கக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒரேயொருவர்தான் இருந்தார். அவர் ஓலைத்தொடுவாய் என்ற கடற்கரை ஊரில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்.

சில வருடங்களுக்கு முன் அந்த ஐஸ் கம்பனியில் நான் மெசின் பார்த்தேன். மீன் பெட்டிக்கு ஐஸ் வாங்க வருபவர்களை ஐஸ் அண்ணை லேசில் விடமாட்டார். கட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, "இதெல்லாம் ஒரு ஐஸோ? ஒரு காலம் உலகத்துத் தண்ணி கனக்க ஐஸாப் போய்க் கிடந்தது. கடல் இறங்கிற்றுது. சனம் இந்தியாவில இருந்து இஞ்ச நடந்தெல்லோ வந்தது!" என்பார். அந்தச் சனம் ஆபிரிக்காவில் புறப்பட்டு, கரை கரையாக நடந்து, கடைசியில் மிதவை கட்டி அவுஸ்திரேலியாவில் இறங்குவதற்குள் பாதிக் கட்டி கரைந்து ஓடிவிடும்.

"அண்ணை, மீன் நாறப்போகுது. அந்தச் சனம் கொஞ்சம் கெதியா நடக்காதோ?"

"பிள்ளைகுட்டியோட எப்பிடியடா கெதியா நடக்கிறது?"

ஒருநாள் ஒரு மீனவர், "கரை தெரியாத கடலில மிதவையோ? சும்மா புளுகு" என்று சிரித்துவிட்டார். அண்ணையின் முகம் சுருங்கிப் போயிற்று. அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு மூங்கில் வாங்கிவந்து, கயிற்றால் மிதவை கட்டத் தொடங்கினார். ஆணி அடிக்கச் சொன்னேன். "அவங்களிட்ட ஆணி இருந்ததோ?" என்று ஏசினார்.

கடலில் இறக்கும் நாளன்று அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், சோற்றுப் பானையோடு வந்து ஏறிக் குந்தினார்.

"நீர் எங்க வாறீர்?"

"நீங்கள் தனியப் போனால் அங்க என்னெண்டு சனம் பெருகிறது? மனிசி வேண்டாமோ?"

அறுபதை நெருங்கிய அண்ணை வெட்கப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். துடுப்புப் போட ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றினார்கள்.

கரை ஒரு கோடாகத் தேய்ந்தபோது கயிறு ஒன்று அவிழ்ந்தது. மூங்கில்கள் விலக, அக்காவின் கால்கள் தண்ணீருக்குள் போயின. அவருக்கு நீந்தத் தெரியாது. அண்ணை துடுப்பைக் கைவிட்டு அவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "பிழை விட்டிட்டன், பிழை விட்டிட்டன்" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு பேச்சில்லை. நான் தோள் நோகத் துடுப்புப் போட்டு, அருகே தெரிந்த ஒரு மணல்திட்டில் மிதவையைக் கொண்டுபோய் முட்டினேன். கம்பனிக்குப் போன் அடித்துப் படகு அனுப்பச் சொன்னேன்.

மணல் இளஞ்சூடாக இருந்தது. சுற்றிவரப் பச்சைக் கடல். பறவைகளின் காலடிகளுக்கு நடுவே எங்கள் மூவரின் காலடிகள் மட்டும். அண்ணை கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அவங்களும் இப்பிடித்தான் பயந்திருப்பாங்கள், என்ன?"

"பயந்திருப்பாங்கள்தான். பிறகு பசிச்சிருக்கும். வாங்கோ, சாப்பிடுங்கோ" என்று அக்கா சோற்றை உருட்டி அவர் கையில் வைத்தார்.

அண்ணை சாப்பிட்டார். பிறகு அக்காவின் மடியில் தலைவைத்து அப்படியே நித்திரையாகிவிட்டார். அக்கா அவர் தலைமயிரிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

எங்களை ஏற்ற வந்த படகு இன்னும் கொஞ்சம் பிந்தி வந்திருக்கலாம் என்று எனக்கு இப்போதும் தோன்றும்.