நாலு நிமிடம் முந்தி வந்த இரவு

இரவு எங்கிருந்து வருகிறது என்பதை நேரில் கண்ட மனிதர் கல்முனைக் கரையில் ஒருவர்தான். நாங்களெல்லாம் அது வந்து சேர்ந்த பிறகுதான் பார்த்திருக்கிறோம். அவர் அது கடலுக்குள்ளிருந்து எழும்பும்போதே பார்த்தார். தினமும் பார்த்தார். படமெடுத்து, இலக்கங்களாகப் பிரித்து, கொம்பியூட்டருக்குள்ளும் போட்டு வைத்தார்.

ஊரில் அவருக்கு மைமல் காக்கா என்று பெயர். பகலுமில்லாமல் இரவுமில்லாமல் ஒரு நேரம் வருமே, அதைத்தான் எங்கள் பக்கத்தில் மைமல் என்போம்; காக்கா என்றால் அண்ணன். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே அப்படி ஓராள் இங்கே இல்லை என்பார்.

முப்பது வருடம் ஹார்ட்வெயார் கடையில் பெயின்ட் கலந்தவர், ஐம்பது வயதுக்கு மேல் தானாகவே புரோகிராம் எழுதப் பழகினார். ஏன் என்று கேட்டேன். “பெயின்டக் கலந்தா திருப்பிப் பிரிக்க ஏலா சேர். இதுல ஏலும்” என்றார்.

நான் ஓய்வு பெற்ற கணித ஆசிரியன். எங்கள் பள்ளிவாசல் நிருவாகம் ஊருக்கென்று தொழுகை நேரம் காட்டும் போன் செயலி ஒன்றைச் செய்யத் தீர்மானித்து, என்னைப் பொறுப்பாக்கி, அவரை என்னிடம் ஒப்படைத்தது. நேரக் கணக்கு என் வேலை. பின்னணி நிறம் அவருடையது. என் வேலை இரண்டு நாளில் முடிந்தது. அவருடையதற்கு எட்டு மாதம் ஆனது.

கொம்பியூட்டருக்கு ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று இலக்கம். ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்குப் போகச் சொன்னால், இடைவெளியைச் சமமாகப் பங்கிட்டுப் படிப்படியாக நடந்துவிடும். பின்நேரத்து மஞ்சளை ஒரு முனையிலும் இரவின் நீலத்தை மறு முனையிலும் வைத்து ஓடவிட்டோம். நடுவில் ஒரு சாம்பல் வந்தது. குளிப்பாட்டிக் கிடத்திய மையித்தின், உயிர்போன உடம்பின் நிறம்.

“கணக்குச் சரிதானே. மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடு இதுதான்” என்றேன்.

“கணக்குச் சரிதான் சேர். அப்ப வானம் பிழையா?”

மறுநாள் வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றோடு கடற்கரைக்குப் போனார். வெள்ளைத் தட்டில் வெளிச்சம் ஒளிக்காமல் தன் நிறத்தைக் காட்டுமாம். எல்லோரும் சூரியன் போகிற பக்கத்தைப் பார்க்க, இவர் அதற்கு முதுகைக் காட்டி, தட்டைக் கடலுக்கு நேரே பிடித்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தார்.

“காக்கா, நோம்புக் கஞ்சி ஊத்துறது பள்ளியில. இங்க இல்ல!” என்று தோணிக்காரர் ஒருவர் கத்தினார்.

“கஞ்சிக்கு வரல்ல. ராவுக்கு வந்திரிக்கன்.”

அதைக் கேட்ட பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஒரு நாள் என்னையும் கூட்டிப் போனார். எங்களுக்குப் பின்னால் சூரியன் சம்மாந்துறை வயல்களுக்குள் இறங்கியது. அவர் என் கையைப் பிடித்து, வாசலில் வந்து நிற்கும் விருந்தாளியைக் காட்டுவது போல் மெதுவாகச் சொன்னார்: “வந்துட்டு சேர். அந்தா, கடலும் வானமும் சேர்ற இடத்தில மெல்லிசா ஒரு நீலக் கோடு. அது பூமிட நிழல். இனி எழும்பி மேல உள்ள சிவப்பத் தின்னும்.”

எனக்கு ஒரு கோடும் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் வெண்புரை. “ஓம் ஓம், வடிவாத் தெரியுது” என்றேன். என் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்து அவர் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று நான் வழக்கத்தைவிட வேகமாக வீட்டுக்கு நடந்தேன்.

செயலி முடிந்ததும் நிருவாகத்துக்குக் காட்டினோம். கடல் தெரியும் ஜன்னலில் போனைச் சாய்த்து வைத்தார். பொழுது சாயச் சாயப் போனின் ஓரங்கள் மங்கின. பிறகு போனையே காணவில்லை, கடல்தான் இருந்தது. பள்ளிவாசல் தலைவர் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார்.

“காக்கா, இதுல ஆரு ஆரப் பாத்து மாறுற?”

“எனக்கும் சரியாத் தெரியா ஹாஜியார்” என்றார் காக்கா. அவர் பகிடிக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

திரையின் அடியில் நீலக் கோடு விழும், மறு கணம் அந்தித் தொழுகைக்கான மஹ்ரிப் பாங்கு கேட்கும். ஒரு நாளும் பிசகவில்லை. மூன்று மாதத்தில் ஊர் மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டது. எனக்கு மட்டும் அந்தக் கோடு போனிலும் தெரியவில்லை. வெளியில் சொல்ல வெட்கம்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். நோன்பு தொடங்குவதற்கு முதல் நாள் காக்கா சம்மாந்துறையில் இழவு விழுந்த ஒரு மௌத்து வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். செயலியின் கடவுச்சொல் என்னிடமும் இருந்தது; அதைப் போட்டு மாற்றினால் ஊர்ப் போன் எல்லாவற்றிலும் மாறும். பின்நேரத்தின் கடைசி ஒரு மணித்தியாலத்தை அவர் நூறு பங்காக்கி, தொண்ணூறாவது பங்கில் இரவின் நீலம் தொடங்க வேண்டும் என்று எழுதியிருந்தார். நான் தொண்ணூறை அழித்து எண்பத்து மூன்று என்று போட்டேன். பாங்கு சொல்லும்போது கோடு தடிப்பாக இருக்கும், எனக்கும் தெரியும் என்பதுதான் என் எண்ணம். தடிப்பாக வேண்டுமானால் முந்தித் தொடங்கத்தானே வேண்டும்! ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. முப்பத்தைந்து வருடம் படிப்பித்தவனுக்கு அன்று அது ஓடவில்லை.

முதல் நோன்பு. “கோடு விழுந்துட்டு” என்றாள் என் மனைவி. எனக்கும் தெரிந்தது! அந்தச் சந்தோஷத்தில் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு விழுங்கியும்விட்டேன்.

பாங்கு வரவில்லை.

“பாங்கு எங்க?”

“வரும்.”

“வரும் எண்டு ஆரு சொன்ன? நீங்களா, போனா?”

வாசலுக்கு வந்தேன். தெருவில் எல்லோரும் வாசலில் நின்றார்கள். ஒவ்வொரு கையிலும் போன். ஒவ்வொரு போனிலும் இரவு. மேலே வானம் இன்னும் வெளித்திருந்தது. ஒருவரும் கதைக்கவில்லை, ஏனென்றால் எல்லோருடைய வாயிலும் பேரீச்சம்பழம். விழுங்கவும் பயம், துப்பவும் பயம். கன்னம் உப்பியபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு காகம்கூடக் கத்தவில்லை. வர வேண்டிய இரவு போன்களுக்குள் புகுந்துகொண்டு, வெளியே வர மறுப்பது போலிருந்தது. எதிர்வீட்டுக்காரர் என்ன நடக்கிறது என்று என்னைக் கண்ணால் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். அப்படியே நாலு நிமிடம். அதற்குப் பிறகுதான் பாங்கு.

பொழுதுபடுமுன் விழுங்கிவிட்டதால் ஊரில் பாதிப் பேருக்கு அந்த நோன்பை மறுபடி பிடிக்க வேண்டி வந்தது.

மறுநாள் பின்நேரத்து அஸர் தொழுகைக்குப் பின் விசாரணை. தலைவர் முன்னிலையில் காக்கா கொம்பியூட்டரைத் திறந்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் அவருடைய விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தேன்.

“என்ட பிழைதான் ஹாஜியார்” என்றார்.

அன்றே எட்டு மாத வானத்தை அழித்துவிட்டுத் தட்டையான பச்சை ஒன்றைப் போட்டார்கள். காக்கா தெருவில் போனால், “இண்டைக்கு ராவு எத்தின மணிக்கு காக்கா?” என்று கடைவாசலெல்லாம் கேட்டது. அவர் கடற்கரைக்குப் போவதை நிறுத்தினார். நான் அவர் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தினேன்.

ஒரு வருடம் போனது. எனக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது. கட்டவிழ்த்த பிறகு ஒரு பின்நேரம் கடற்கரைக்குப் போனேன். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றேன். கோடு வந்தது. அவர் சொன்ன அதே இடத்தில், மெல்லிசாக. பள்ளியில் பாங்கு கேட்டது. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாள், அதுவும் நோன்பு நாள்தான், மஹ்ரிபுக்குக் கொஞ்சம் முன்பாக அவர் வீட்டுக்குப் போனேன்.

“காக்கா, அந்த எண்பத்து மூணு நான் போட்டது.”

“தெரியும் சேர். அத மாத்தத் தெரிஞ்ச ஆள் இந்த ஊர்ல ரெண்டு பேர்தான். ஒராள் மௌத்து வீட்ட இரிந்த.”

“ஏன் அண்டைக்குச் சொல்லல்ல?”

“என்னெண்டு சொல்லுற? சேருக்குக் கண் தெரியாண்டா? கடக்கரையில நீங்க பொய்க்கு ஓம் எண்ட அண்டைக்கே எனக்கு வெளங்கிட்டு.”

“வெள்ளிக்கிழமை பள்ளியில எழும்பிச் சொல்லப்போறன்.”

“சும்மா இரிங்க சேர். என்னப் பகிடி பண்ணி ஆக்களுக்கு அலுத்துட்டு. உங்களயெண்டா புதுசாத் தொடங்குவானுகள்.”

வெள்ளிக்கிழமை போனது. எனக்கு எழும்பத் தைரியம் வரவில்லை. ஆகையால் இங்கே எழுதுகிறேன்: அந்த நோன்பைக் கெடுத்தவன் நான். மைமல் காக்காவின் வானத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

அன்று அவர் வீட்டில் நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே மேசையில் கிடந்த அவருடைய போன் இருண்டது. பழைய வானம், நீலக் கோட்டோடு. ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம்.

“இது பழுதா?” என்றேன்.

“இல்ல. உங்கிட எண்பத்து மூணுதான். என்ட போனில மட்டும் மாத்தாம வெச்சிரிக்கன்.”

“என்னத்துக்கு?”

“நோம்பு திறக்க முந்தின நேரத்தில கேக்குற துஆவுக்குப் பலன் கூட சேர். இது இருட்டினா எனக்கு நாலு நிமிசம் கிடைக்கும். போன வருசத்தில இரிந்து உங்கிட கண்ணுக்குத்தான் கேக்குறன்.”

சொல்லிவிட்டுப் பிரார்த்தனைக்கு இரண்டு கையையும் ஏந்திக் கண்ணை மூடிக்கொண்டார். நானும் கைகளை ஏந்தினேன். ஆனால் கண்ணை மூடவில்லை. பாங்கு சொல்லும்வரை அவருடைய முகத்தை வடிவாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.