பாதிவிலையின் பட்டறைப் பயணம்

பழைய மரச்சாமான் வாங்கி விற்கிற அவருக்குப் 'பாதிவிலை' என்று பெயர் வைத்தது அந்தத் தெரு. கட்டிலோ அலமாரியோ, எதிராளி என்ன விலை சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது பாதி. டாக்டர் தினம் மூன்று மாத்திரை என்றால்கூட, "ஒண்ணரையா முடிச்சுக்கலாமே?" என்பார். பள்ளிக்கூடம் கைவிட்ட பிள்ளையைப் பேரம்தான் எடுத்து வளர்த்தது. அது சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: ஐந்து வேண்டுமென்றால் பத்து கேள்.

அந்தப் பாடத்தை நம்பித்தான் அன்று மனைவியிடம் போனார்.

விஷயம் இதுதான். கடையில் ஆள் வராத நேரங்களில் பாதிவிலை ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது அத்தியாயத்தில் கதவைத் திறக்கப் போன கதாநாயகன் ஒரு வருஷமாகத் திறந்துகொண்டே இருந்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியவில்லை, இவருக்கும் தெரியவில்லை. வெளியூரில் ஐந்து நாள் எழுத்துப் பட்டறை நடக்கிறது என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டார். இடமும் கிடைத்துவிட்டது. வருகிறாரா இல்லையா என்று அன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. கடையில் உட்கார அவருக்கு இருந்த ஒரே ஆள் மனைவி.

காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு தடவை ஒத்திகை பார்த்தார். மத்தியானம் களத்தில் இறங்கினார். மனைவி பெட்டியைத் திறந்து வைத்துத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா பாரு, நான் பட்டறைக்குப் போகணும்."

"போங்களேன். அந்த ஸ்டூலையும் தூக்கிட்டுப் போங்க. ஒரு கால் ஆடுது."

"அந்தப் பட்டறை இல்லடி! எழுத்துப் பட்டறை. அங்க எழுத்தைச் செதுக்குவாங்க."

"உங்க எழுத்தைச் செதுக்கினா மிச்சம் என்னங்க இருக்கும்? தூள்தான்."

பாதிவிலைக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார். பேரத்தில் முதலில் கத்துகிறவன்தான் கடைசியில் அதிகம் கொடுப்பான்.

"பத்து நாள் ஆகும். பத்து நாளும் நீதான் கடையில உட்காரணும்."

சொல்லிவிட்டுக் காலை அகட்டி நின்றார். அவள் "பத்தா!" என்று அலறுவாள். இவர் எட்டு என்பார். அவள் மூன்று என்பாள். முக்கி முனகி ஐந்தில் முடியும்.

"சரிங்க," என்றாள் மனைவி.

"என்ன சரி?"

"பத்து நாள் போயிட்டு வாங்க. நான் பார்த்துக்கறேன்."

இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலைத் தூக்கி வைத்துத் தரையில் தடுமாறியவர்போல் ஆனார் பாதிவிலை. அவருடைய வியாபாரத்தில் பாதி என்றதும் சரி என்றவன் ஒரே ஒருத்தன்தான். அவன் விற்றுவிட்டுப் போன தேக்கு அலமாரியிலிருந்து மறுநாள் காலை கரையான் ஊர்வலம் புறப்பட்டது.

"ஏன் சரிங்கறே?"

"ஆசையாக் கேட்டீங்களே!"

"நேத்து ஆசையா ரெண்டாவது டீ கேட்டேன். முடியாதுன்னே! இன்னிக்கு மட்டும் என்ன திடீர்க் கருணை?"

"நல்லதுக்குக் காலமில்லை. ஒழிஞ்ச நேரத்துல அந்த நிலைக்கண்ணாடி பீரோவையும் வித்துடறேன், போங்க."

"எவ்வளவுக்கு?"

"கேக்கறவங்க கேக்கற விலைக்குத்தான். பாவம், அவங்களும் ஆசையாத்தானே கேப்பாங்க?"

பாதிவிலைக்குத் தலை சுற்றியது. கேட்டவுடன் சரி சொல்கிற வியாதி பிடித்தவளைப் பத்து நாள் கடையில் உட்கார வைத்தால், திரும்பி வரும்போது கடையில் கல்லாப்பெட்டி மட்டும் இருக்கும். அதுவும் யாரும் ஆசையாகக் கேட்காமல் இருந்தால்!

"பத்து வேணாம். ஏழு!"

"சரிங்க."

"அஞ்சு!"

"சரிங்க."

"ரெண்டு! ரெண்டே நாள்!"

"உங்க சௌகரியம்."

இழுக்க ஆளில்லாத கயிற்றைப் பிடித்துக்கொண்டு எத்தனை நேரம்தான் தொங்குவது? ஆத்திரத்தோடு போனை எடுத்துப் பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டார்.

"அஞ்சு நாளை ரெண்டரையா முடிச்சுக்கலாமா?"

முடியாதாம்.

"அப்படின்னா உங்க இடத்தை நீங்களே வச்சுக்குங்க!"

போனை வைத்த பிறகுதான் வலித்தது. கதாநாயகன் இன்னும் கதவடியிலேயே நின்றான். பாவம், அவனுக்குக் கால் கடுத்திருக்கும்.

பின்னால் பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது.

"மூடாதே. நான்தான் போகலையே, என் துணியை வெளியில எடு."

"இதுல உங்க துணி ஏதுங்க?"

திறந்து பார்த்தார். பூராவும் புடவை.

"அக்கா ரொம்ப நாளாக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. சாயங்கால பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. நீங்களும் கிளம்பிட்டா வீட்டையும் கடையையும் யார் பார்ப்பாங்கன்னுதான் கவலையா இருந்துது. காலையில நீங்க குளியலறையில பேசினது தெருவுக்கே கேட்டுதா, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது."

"அடிப்பாவி! முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடம்பிடிச்சு அஞ்சு நாள் போயிருப்பேனே!"

"அதனாலதாங்க சொல்லலை."

பாதிவிலை ஆடுகிற ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். அதுவும் ஒரு பக்கம் சாய்ந்தது.

"எத்தனை நாளு?"

"நீங்க முதல்ல சொன்னீங்களே, அதே பத்து."

"அஞ்சு..." என்று இழுத்தார், பழக்கதோஷத்தில்.

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஒரே விலைங்க."